குயிலாப்பாளையத்துக்கு ஒரு துப்பாக்கிப் பிரயாணம்

துப்பாக்கி பார்க்க யாராவது குயிலாப்பாளையத்துக்குப் போவார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே கூட வாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போய், பெரியமுதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பினால் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. வெள்ளை வேட்டியோடு போகிறவர் காவி வேட்டியோடு திரும்பலாம், அப்படிப்பட்ட செம்மண்! பனையும் முந்திரியும் நிற்க, சாலை மெல்ல மேடேறுகிறது. மேட்டின் மேல் ஊர். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 1968 பிப்ரவரி 28-இல் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியதிலிருந்து பல தேசத்து மனிதர்கள் இந்தத் தெருவில் நடமாடுகிறார்கள். டீக்கடை பெஞ்சில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சர்க்கரை கம்மி" என்று தமிழில் சொல்லும் வெள்ளைக்காரரைக் கண்டு நீங்கள் வாய் பிளக்க வேண்டாம். ஊரார் யாரும் பிளப்பதில்லை.

ஆரோவில் நகர மண்டபத்தில் 'சினிமா பாரடைசோ' என்று ஓர் அரங்கு உண்டு. உலகத்துப் படங்களெல்லாம் வந்து போகின்றன. யுத்த கால ஒற்றர் கதை என்றால் துப்பாக்கிக்குக் கேட்க வேண்டுமா? கோட்டுப் பையில் ஒன்று, மேஜை இழுப்பறையில் ஒன்று! ஆனால் ஒரே ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு நம்மவர்கள் எடுத்த படம் ஒன்று இருக்கிறதே, அதற்கு எதுவும் இணையில்லை என்பது என் கட்சி.

'அந்த நாள்'தான். 1954-இல் ஏவி.எம். தயாரித்தது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், எழுதியவர் ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயம். டுமீல்! ரேடியோ எஞ்சினீயர் ராஜன் பிணமாகக் கிடக்கிறான். சுட்டது யார்? ஆளுக்கொரு பக்கம் விரல் நீட்டுகிறார்கள். எழுபது வருஷம் கடந்துவிட்டதால் ரகசியத்தை உடைக்கிறேன்: ராஜன் ஜப்பானுக்கு ஒற்றன், வெடித்தது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. பண்டரிபாயின் அந்த நடுங்கும் கையைப் பாருங்கள்! துப்பாக்கியைவிடக் கைதான் பயமுறுத்துகிறது.

படப்பிடிப்புக்கென்று ஒரு தோட்டா உண்டு. அதில் மருந்து உண்டு, ஈயக் குண்டு கிடையாது. அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். மிக நெருக்கத்தில் வெடித்தால் அதுவும் ஆளைக் கொல்லும். சுழல் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா சுலபம். விசையை இழுத்தால் உருளை தானே திரும்பும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிதான் சண்டி செய்யும். குண்டில்லாமல் உதை போதாது; குழலின் வாயைக் குறுக்கினால்தான் அடுத்தது ஏறும்.

இது திரைச் சமாசாரம். நிஜத்தில் நடந்தது வேறு. பினாங்கில் பயிற்சி பெற்ற நம் நாட்டு இளைஞர்கள் சிலர் 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, மலபார்க் கரையில் தானூரில் இறங்கினார்கள். பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி, வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். படத்தில் ராஜன் சாகிறானே, அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு! சர்க்கார் ஏட்டில் அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். இன்று நமக்குத் தியாகிகள். ராஜனோ படத்தில் துரோகி. ஜப்பான் உதவியை நாடினால் ஒருவன் துரோகியா, தேசபக்தனா? படம் இந்தக் கேள்வியை உரசிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

குயிலாப்பாளையத்து மேட்டிலிருந்து கடல் நடக்கிற தூரந்தான். இருட்டில் அந்தக் கரையில் நின்று பாருங்கள். நீர்மூழ்கியிலிருந்து ரப்பர்ப் படகில் இறங்கியவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று புரியும்.

திரும்பும்போது கருவடிக்குப்பம் வழியாகவே வாருங்கள். பிரிட்டிஷ் போலீஸின் கை நீளாத பிரெஞ்சு மண் அது. அந்தப் பக்கத்துத் தோப்புகளில்தான் வ.வே.சு. ஐயர் வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்தது. பாரதியார் பாடிய குயில் தோப்பும் இங்கேதான். சித்தானந்த சுவாமி கோயில் திறந்திருந்தால் உள்ளே ஒரு நடை போய்விட்டு, மெதுவாகப் பஸ் ஏறுங்கள்.