களத்து வேலை

சேலம் மாவட்டத்தில் ஒரு சேகோ ஆலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைத் தெளியவைத்து, ஜவ்வரிசி திரட்டி வறுத்தபின் சிமென்ட் களத்தில் காயப்போடுவார்கள். வெயில் ஏற ஏறக் கிளறிவிட வேண்டும், காய்ந்ததை வாரிக் குவிக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே இதைச் செய்தார்கள். ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போனார்கள். சனிக்கிழமை கூலி வாங்கும்போது மட்டும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் குறையும். அந்தப் பெண்களுக்காக, 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டப்படி தொழிலாளர் துறை அதிகாரி முன் மனு போட்டேன்.

பெண்கள் சம்மதித்துக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள் என்றது நிர்வாகம். எந்த ஒப்பந்தமும் இந்தச் சட்டத்துக்கு முன் நிற்காது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்வதால், அந்த வாதம் சீக்கிரமே முடிந்தது.

அடுத்த வாதம்தான் கனமானது. ஆண்கள் 90 கிலோ மூட்டை தூக்குவார்கள், பெண்களால் முடியாது, ஆகவே இரண்டும் ஒரே வேலை அல்ல. இத்தகைய வழக்குகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: ஆளைப் பார்த்துக் கூலியை முதலில் முடிவு செய்கிறார்கள், அந்தக் கூலிக்கு ஏற்ற வேலை விவரத்தைப் பிறகு எழுதுகிறார்கள்.

மனுதாரர்களில் மூத்தவரிடம் கேட்டேன். "மூட்டைய ஆம்பளைங்களும் தொடமாட்டாங்க வக்கீலம்மா. அதுக்கு லோடுமேனுங்க தனியா வருவாங்க. மூட்டைக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிக்குவாங்க" என்றார்.

வழக்கை ஜெயித்துத் தந்தது அந்த அம்மாவின் பதில்தான். லோடுமேன் கூலி வவுச்சர்களைத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்டு வாங்கினேன். ஏற்றியது, இறக்கியது எல்லாமே அவர்கள் கணக்கில் இருந்தது. குறுக்கு விசாரணையில் மேஸ்திரி, "அவசரம்னா களத்து ஆளுங்களும் தூக்குவாங்க" என்றார். எந்தத் தேதியில், எந்த லாரிக்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கும் ஆட்ரி டி'கோஸ்டாவுக்கும் நடந்த வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அதிகாரி முன் வைத்தேன். பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவாகக் கொடுத்த வழக்கு அது. உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும், சில்லறை வித்தியாசங்களைக் காட்டி உரிமையை மறுக்கக்கூடாது, நிறுவனத்தின் பண நெருக்கடியும் சாக்கு ஆகாது என்றது நீதிமன்றம். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமும் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

களத்து ஆண்களைச் சாட்சிக்கு அழைத்து வருவதுதான் பெரும்பாடாக இருந்தது. பெண்களுக்கு ஏற்றினால் தங்களுக்குக் குறைத்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, சட்டம் எழுதியவர்களும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமமாக்குகிறேன் என்று சொல்லி எவருடைய கூலியையும் குறைக்கக்கூடாது என்கிறது 4-ஆம் பிரிவு. அதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டிய பிறகு ஒருவர் வந்தார். "ஒரே வேலைதாங்க, அவங்க எங்களவிடச் சுத்தமாச் செய்வாங்க" என்று கூண்டில் நின்று சொன்னார்.

உத்தரவு பெண்களுக்குச் சாதகமாக வந்தது. குறைத்துக் கொடுத்த தொகையை நிர்வாகம் கட்டியது.

இப்போது அந்த 1976 சட்டம் இல்லை. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 அதன் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்ற அளவுகோல் அதிலும் நீடிக்கிறது. எனவே வேலை விவரத்தை யார் எழுதுகிறார்கள் என்ற சண்டையும் நீடிக்கத்தான் செய்யும்.

அந்த ஆலையிலேயே அது நடந்தது. அடுத்த பருவத்தில் ஆண்கள் பெயருக்கு எதிரே 'கள மேற்பார்வையாளர்' என்று எழுதி, கூலியில் மறுபடியும் வித்தியாசம் வைத்தார்கள். பெண்கள் அன்று மாலையே வந்து சொல்லிவிட்டார்கள். யாரை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பினேன். இந்தமுறை நிர்வாகம் விசாரணை வரை போகவில்லை. பதிவேட்டில் எல்லோரையும் 'களத் தொழிலாளர்' என்று ஒரே தலைப்பில் எழுதி, ஒரே கூலி கொடுத்தது.