லுவார்க் கரை வெண்ணகர்

பேரூர்களைப் பற்றி எழுதுவார் பலர். சிற்றூர்களைப் பற்றி எழுதுவார் சிலரே. பிரெஞ்சு நாடு என்றவுடன் யாவரும் பாரிஸ் மாநகரையே நினைப்பர். எம் உள்ளத்தைக் கவர்ந்ததோ அந்நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள சோமூர் என்னும் சிறு நகராம். தமிழூர்ப் பெயர்போல் ஒலிக்கும் அப்பெயரே எம்மை முதற்கண் ஈர்த்தது. பின்னர் எம்மை விடாது பற்றியது ஆங்கிருந்து மறைந்துபோன ஒரு கல்லூரி.

பிரெஞ்சு நாட்டு ஆறுகளுள் மிக நீண்டது லுவார். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக் மாகடலிற் கலக்கும் அவ்வாற்றின் இடக்கரையில், தூர் நகருக்கும் ஆன்ஜே நகருக்கும் இடையே சோமூர் விளங்குகின்றது. கோடையில் மணற்றிட்டுகளிடையே மெல்ல ஒழுகும் ஆறு, பெருகுங்காற் கட்டுக்கடங்காது. இடைக்காலந் தொட்டு மக்கள் அணைகரை எடுத்துக் காத்தும், 1856-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அக்கரைகளைப் பல இடங்களில் உடைத்தது. ஆற்றை நோக்கிய மேட்டின்மீது கோட்டையொன்று நிற்கின்றது. பெர்ரிக் கோமகனுக்கென 15-ஆம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற வழிபாட்டு நூலின் செப்டம்பர் மாத ஓவியத்தில், திராட்சை கொய்வார்க்குப் பின்னே எழுந்து தோன்றுவது இக்கோட்டையே.

ஊர் முழுவதும் வெண்ணிறம். துஃபோ எனப்படும் மென்மையான சுண்ணக்கல்லால் வீடும் கோயிலும் கோட்டையும் கட்டப்பெற்றன. அக்கல்லை அறுத்தெடுத்த குன்றுகளிற் குகைகள் எஞ்சின. அக்குகைகளை மக்கள் வாளா விட்டாரல்லர். சிலவற்றிற் குடிபுகுந்தனர், சிலவற்றில் திராட்சை மதுவை வைத்துப் பக்குவப்படுத்தினர், சிலவற்றிற் காளான் வளர்த்தனர். எடுத்தது நகராயிற்று; எஞ்சிய வெறுமையும் பயனாயிற்று.

இனிக் கல்லூரியின் கதையைக் கூறுவாம். 1589-ஆம் ஆண்டில் சோமூரின் ஆளுநராக வந்தவர் துப்ளெஸ்ஸி மோர்னே என்னும் சீர்திருத்தச் சபைப் பெரியார். அவர் 1593-ஆம் ஆண்டில் ஆங்கோர் உயர்கல்விக் கழகத்தை நிறுவினார். வேற்று நாட்டு மாணவரும் அதனை நாடி வந்தனர். பிற்காலத்தில் அமெரிக்காவிற் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் ஆங்குப் பயின்றவர்களுள் ஒருவர்.

அக்கழகத்து ஆசிரியருள் எமக்கு மிக அணுக்கமாகத் தோன்றுபவர் லூயி கப்பேல். எபிரேய மறைநூலிற் காணும் உயிரொலிக் குறிகள் மூலத்தோடு பிறந்தவையல்ல, பின்வந்த அறிஞர் இட்டவையே என்று அவர் துணிந்தார். 1624-ஆம் ஆண்டில் அம்முடிவைத் தம் பெயரிடாமலே வெளியிட்டார். மறையின் உறுதி குன்றுமென அஞ்சியோர் அதனைக் கடுமையாக மறுத்தனர். மெய்யெழுத்திற்குத் தொல்காப்பியர் புள்ளி விதித்திருந்தும், ஓலைச்சுவடி எழுதினோர் பெரும்பாலும் அதனை இடாமற் போயினர். படிப்பவரே பொருளறிந்து புள்ளியை வருவித்துக்கொள்ள வேண்டும். அவ்வேடுகளின் இடர்ப்பாட்டை அறிந்த தமிழ் மாணவர்க்குக் கப்பேலின் உழைப்பு அயலாரது உழைப்பாகத் தோன்றாது.

அந்தோ! 1685-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாணையால் அக்கழகம் மூடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், சீர்திருத்தச் சபையார்க்கு 1598-இல் உரிமை வழங்கிய நாந்த் கட்டளையை 14-ஆம் லூயி மன்னர் நீக்கினார். குடிகள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். நகர் ஒளி மழுங்கிற்று. 1833-இல் வெளிவந்த பால்சாக்கின் "யூஜெனி கிராந்தே" புதினத்திற் காண்பது, பொன்னையன்றிப் பிறிதறியாத கருமியொருவன் வாழும் சோமூரையே.

அந்நகரின் புகழ் பின்னர்க் குதிரைப்படைப் பள்ளியால் வளர்ந்தது. 1940-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், போரை நிறுத்தவேண்டுமென மார்ஷல் பெத்தேன் வானொலியில் அறிவித்தார். எனினும், ஏறத்தாழ 800 பயிற்சி மாணவரும் துணைக்கு வந்த பிற படையினரும் பாலங்களைத் தகர்த்து, பயிற்சிக் கருவிகளைக் கொண்டே ஜெர்மானியப் படையை ஆற்றங்கரையில் எதிர்த்து நின்றனர். ஜூன் 20-ஆம் நாளளவில் எதிர்ப்பு முறிந்தது. 22-ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மாண்டவருள் எம்மினும் ஓரிரு ஆண்டே மூத்தோர் பலர். முடிவு தெரிந்த போரில் அவர் உயிர் ஈந்தது வீரமோ, வீணோ? புகழ்ந்து கடந்துபோக எம் மனம் ஒருப்படவில்லை. பழிக்க நா எழவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகின்றது. ஆணையொன்று கல்லூரியை மூடியது; ஆங்குக் கண்ட உண்மையை மூட இயலவில்லை. அன்று கப்பேல் பெயர் மறைத்துக் கூறியதை இன்று எபிரேய மொழியறிஞர் ஒப்புக்கொள்கின்றனர். கல்லூரியென்பது சுவரன்று, கற்றோர் தம்முடன் கொண்டுசெல்வதே கல்லூரி. சோமூரின் வெண்கல்லோ மென்கல். 2001-ஆம் ஆண்டிற் கோட்டை மதிலின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அவ்வூரார் அதனை மீண்டும் எடுத்துக் கட்டினர்.