தொலைவில் ஒரு படி

'படி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. நெல் அளப்பது படி. வாசலில் ஏறுவது படி. மாணவனை நோக்கி ஆசிரியர் ஏவுவதும் படி. ஒன்றைப் பார்த்து எழுதப்பட்ட மற்றொன்றும் படியே. கணினித் துறையினர் 'பேக்கப்' என்பதைக் காப்புநகல் என்று இன்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். தமிழ் படித்தவன் என்ற முறையில், ஏட்டுச்சுவடிக் காலத்துப் 'படி'யே எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. கள்ளக்குறிச்சியில் உள்ள என் வீட்டுக் கணினியிலிருந்து டொராண்டோ நகரில் உள்ள ஒரு வழங்கிக்கு அப்படியொரு படியை அனுப்ப முயன்றபோது நேர்ந்தவற்றை இங்கே எழுதுகிறேன். கணினி வல்லுநர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. சுவடிப் படங்களையும் பழைய சிற்றிதழ்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரே வன்தட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கும் இலக்கிய நண்பர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில், அனுப்ப வேண்டியிருந்தது எதுவென்று சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. பச்சைமலை, சேர்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றைப் போல இதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை என ஊர்கள் வரும். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று கதை சொல்வார்கள். ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த இம்மலைகள் 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அச்சேறிய வரலாற்றில் இம்மலை மக்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. தம் வரலாற்றை அவர்கள் பாட்டிலும் கதையிலும் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரி விடுமுறைகளில் மலையேறி அப்பாட்டுகளையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்துவருகிறேன். பதினைந்து ஆண்டுகளில் சேர்ந்தவை தாலாட்டு, ஒப்பாரி, களையெடுப்புப் பாட்டு, ஜாகீர் காலத்து நினைவுகள் எனப் பலவகைப்பட்டன. வீடுகளில் கிடைத்த கையெழுத்துக் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவை 46,000 கோப்புகள். எல்லாம் சேர்ந்து 380 ஜிகாபைட். இக்காலத்துக் கணக்கில் இது பெரிய அளவன்று. திருமண வீட்டுக் காணொளிகள் இதைவிடப் பருத்திருக்கும். ஆனால் திருமணத்தை அறிந்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். நான் பதிவு செய்த பாட்டுக்காரிகளுள் மூத்தவர்கள் மூவர். அவர்களுள் இருவர் இன்று இல்லை.

இரண்டாமவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய பேரன் தொலைபேசியில் அழைத்தான். "சார், ஆயா பாடுனது உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றான். இருக்கிறது என்றேன். அன்று மாலை அக்கோப்பைத் தேடிக் கணினியைத் திறந்தபோது, வன்தட்டில் பழுதுற்ற பகுதிகள் பெருகிவருவதாக ஓர் எச்சரிக்கை திரையில் நின்றது. கையடக்க வன்தட்டு ஒன்றில் இன்னொரு படி இருந்தது. அது அதே அறையின் அலமாரியில் இருந்தது. ஒரு கூரைக்கு நேர்வது அதன் கீழுள்ள இரண்டு படிகளுக்கும் நேரும்.

படியைத் தொலைவில் வைக்கவேண்டும் என்பதை நம் வரலாறே சொல்லும். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையருக்கு அந்நூல் கிடைத்ததே, ஏடுகள் பல ஊர்களில் பல வீடுகளில் சிதறிக் கிடந்தமையால்தான். ஒரு வீட்டில் செல்லரித்த ஏடு இன்னொரு வீட்டில் பிழைத்திருந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. 1998 பொங்கலன்று கு.கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து எழுத்துகளுக்காகத் தோன்றிய நூலகம் இணையத்தளமும் படிகளை ஓரிடத்துக்கு உரியனவாக வைக்காமல் உலகெங்கும் பரப்பின. சேமித்தல் என்றால் பூட்டிவைத்தல் என்று எண்ணுவோர் பலர். பரப்பிவைத்தலே சேமித்தல் என்று இம்முயற்சிகளிலிருந்து நான் அறிந்துகொண்டேன்.

டொராண்டோ நண்பர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு இலக்கிய மின்மடல் குழு ஒன்றில் அறிமுகமானவர். தம் வீட்டு நிலவறையில் ஒரு சிறு வழங்கியை வைத்திருக்கிறார். அதில் எனக்கு இடம் தருவதாக அவர் சொல்லிப் பல காலமாயிற்று. ஏன் தருகிறார் என்று நான் கேட்டதில்லை. 1981ஐ அறிந்த குடும்பத்தவரிடம் அக்கேள்வி தேவையற்றது.

இரு கணினிகளுக்குமிடையே விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனிவலையை அமைத்திருந்தார். பொது இணையத்தின் ஊடே, பிறர் கண்ணுக்குப் படாத ஒரு சுரங்கப்பாதை என்று அதை விளங்கிக்கொள்ளலாம். அதன் வழியே அவருடைய வழங்கியின் கோப்புறை என் கணினியில் ஓர் உள்ளூர்க் கோப்புறை போலத் தெரியும். கோப்புகளை இழுத்து அதில் போட்டேன். வேகம் விநாடிக்கு 250 கிலோபைட்டைத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் 380 ஜிகாபைட் போய்ச்சேர இடைவிடாமல் 17 நாட்கள் ஆகும். எங்கள் தெருவில் மின்சாரம் இடைவிடாமல் 17 நாட்கள் வந்ததாக நினைவில்லை. வன்தட்டோ நாள்தோறும் எச்சரிக்கையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

இணைப்புத் தந்த நிறுவனத்தைக் குறைசொல்வது எளிது, நானும் வாயெடுத்தேன். நண்பர் தடுத்தார். "பொறுங்கோ, முதலில அளந்து பாப்பம். பிறகு ஆரையும் ஏசலாம்" என்றார்.

அளப்பதற்கு முன் அலகு தெளியவேண்டும். இணைப்பு நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கணினி கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறது. எட்டுப் பிட் ஒரு பைட். 20 மெகாபிட் என்று விளம்பரப்படுத்திய பதிவேற்ற வேகம், பைட்டில் 2.5 மெகாபைட்தான். ஆழாக்கையும் படியையும் குழப்பிக்கொண்டு நெல் வியாபாரியிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. அப்படியே பார்த்தாலும், எனக்குக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்கே.

ஐபெர்ஃப் என்னும் இலவச மென்பொருளை இரு முனைகளிலும் ஓட்டினோம். சுரங்கப்பாதை இல்லாமல் அளந்தால் 18 மெகாபிட். சுரங்கப்பாதை வழியே அளந்தால் 2 மெகாபிட். ஆகவே தெரு குற்றமற்றது, சுரங்கத்தில்தான் சிக்கல். ஐயத்தை இப்படி இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கழித்துவிடுவது, பாடபேத ஆராய்ச்சியில் பிழை புகுந்த ஏட்டைக் கண்டுபிடிக்கும் முறையேதான்.

அடுத்து, போய்வரும் நேரம். இங்கிருந்து ஒரு சிறு பொதி டொராண்டோ சென்று விடை கொண்டுவர ஏறத்தாழ 250 மில்லி விநாடி, அதாவது கால் விநாடி, ஆயிற்று. நண்பர் நிறுவியிருந்தது ஓப்பன்விபிஎன் மென்பொருளின் பழைய பதிப்பு. அதன் தாங்கல் இடம் 64 கிலோபைட். அவ்வளவு அனுப்பியதும், 'கிடைத்தது' என்ற விடை வரும்வரை அது நின்றுவிடும். கால் விநாடிக்கு 64 கிலோபைட் என்றால் விநாடிக்கு 256. நான் திரையில் கண்ட எண் அதுவேதான். கோமுகி அணை நிரம்பியிருந்தாலும், ஒரு குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வெறுங்குடம் திரும்பிய பின்பே அடுத்ததை மொள்ளவேண்டும் என்றால், வீட்டுக்கு வரும் நீரைத் தீர்மானிப்பது அணையன்று, நடைதூரம்.

வேறொரு குறையும் இருந்தது. அச்சுரங்கம் டிசிபி என்னும் நெறிமுறையில் ஓடியது. பொதி தொலைந்தால் மறுபடி அனுப்புவது டிசிபியின் கடமை. உள்ளே செல்லும் கோப்புப் பரிமாற்றமும் டிசிபிதான். ஆகவே ஒரு பொதி தொலைந்தால் உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒருவரையறியாமல் ஒருவர் அதை மீண்டும் அனுப்ப முற்பட்டு, நெரிசல் மேலும் கூடும். நண்பர் அப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு: அலுவலக வலைகள் பலவற்றில் டிசிபி மட்டுமே தடையின்றிப் போகும், அக்காலத்தில் அவருடைய தேவை அதுவாக இருந்தது. இப்போது இரு முனைகளிலும் வயர்கார்ட் என்னும் புதிய மென்பொருளுக்கு மாறினோம். 2020இல் லினக்ஸ் கருவோடு சேர்க்கப்பட்ட இது, யுடிபி நெறிமுறையில் ஓடுவது. தொலைந்ததைப் பற்றிக் கவலைப்படும் பொறுப்பை உள்ளே இருப்பவரிடமே விட்டுவிடும்.

மாறியதும் சுரங்கம் இணைந்தது. சிறு செய்திகள் போயின. பெரிய கோப்புகளோ தொடக்கத்திலேயே உறைந்து நின்றன. இது பொதியின் உருவளவு பற்றிய சிக்கல். இணையத்தில் ஒரு பொதி வழக்கமாக 1,500 பைட் வரை இருக்கலாம். எங்கள் வீட்டு இணைப்பின் முறையில் அதில் 8 பைட் போய்விடும்; மிச்சம் 1,492. ஐபிவி6 முகவரியில் செல்லும் வயர்கார்ட் உறைக்கு 80 பைட். ஆக உள்ளே இடம் 1,412 தான். மென்பொருளோ இயல்பாக 1,420 என்று வைத்துக்கொள்கிறது. எட்டுப் பைட் மிகுதி. மலைப்பாதை வளைவில் திரும்ப முடியாத நீண்ட சரக்குந்தைப் போலப் பெரிய பொதிகள் எங்கோ சிக்கி, சொல்லாமல் மறைந்தன. எண்ணை 1,400 என்று மாற்றியதும் வழி திறந்தது. ஒலிக்கோப்புகள் விநாடிக்கு 1.8 மெகாபைட்டில் செல்லலாயின.

ஆனால் அந்த 46,000 படங்கள் மட்டும் நத்தையாகவே ஊர்ந்தன. தொலைவிலுள்ள கோப்புறையில் ஒரு கோப்பை இடுவதற்குக் கணினி பல கேள்விகள் கேட்கும்: இப்பெயர் இருக்கிறதா, திறக்கலாமா, எழுதலாமா, மூடலாமா. நான்கு கேள்விகள் என்று வைத்துக்கொண்டாலும் கோப்பு ஒன்றுக்கு ஒரு விநாடி. 46,000 கோப்புகளுக்கு 46,000 விநாடி. ஒரு படத்தின் ஒரு புள்ளிகூட நகராமல், கதவைத் தட்டிக் காத்திருப்பதற்கு மட்டும் பன்னிரண்டே முக்கால் மணிநேரம்! கோப்புறையில் இழுத்துப்போடும் வழக்கத்தை விட்டு ஆர்சிங்க் என்னும் கருவிக்கு மாறினோம். 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் வெளியிட்டது அது. இருபுறமும் உள்ளவற்றின் பட்டியலை ஒப்பிட்டு, இல்லாததையும் மாறியதையும் மட்டும் தொடர்ச்சியாக அனுப்பும். மின்வெட்டில் பாதியில் அறுந்த கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லவும் அதில் ஏற்பாடு உண்டு. எங்கள் ஊருக்கு இன்றியமையாத ஏற்பாடு.

இவ்வாறு ஐந்து இரவுகளில் முழுப்படியும் போய்ச்சேர்ந்தது. பல ஆயிரம் ஜிகாபைட் வைத்திருப்போர் இணையத்தையே நம்பவேண்டியதில்லை. 380 ஜிகாபைட் கொண்ட வன்தட்டை ஒருவர் பையில் வைத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டை வழியே ஆறு மணிநேரத்தில் பேருந்தில் சென்னை சேர்ந்தால் அதன் வேகம் விநாடிக்கு 140 மெகாபிட். என் வீட்டு இணைப்பைவிட ஏழு மடங்கு! முதற்படியைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நாள்தோறும் சேர்வதை மட்டும் வலைவழியே அனுப்புவதே அவர்களுக்கு ஏற்றது.

போய்ச்சேர்ந்ததே போதும் என்று நண்பர் விடவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, மூன்று இடங்களிலும் உள்ளவற்றை ஒத்துப்பார்த்தோம். ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். கணினி செய்யும் ஒப்புநோக்கு இது. இரண்டு படங்களில் எண் ஒத்துவரவில்லை. பழுதுற்ற வன்தட்டிலிருந்து அவை சிதைந்தே புறப்பட்டிருக்கின்றன. அலமாரிப் படியில் அவை நலமாக இருந்தன. அங்கிருந்து எடுத்து மீண்டும் அனுப்பினேன். ஒரே ஒரு படியை வைத்திருப்பவனால் பிழையைத் திருத்த முடியாது என்பது மட்டுமில்லை, பிழை இருப்பதையே அவன் அறியமுடியாது. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றாவது வெளியூரில் என்று வல்லுநர்கள் சொல்லும் விதிக்குப் பொருள் அன்றுதான் விளங்கியது.

கடைசிச் சோதனை, எடுத்துப் படித்தல். நண்பர் தம் வழங்கியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து கேட்கவேண்டும் என்று ஏற்பாடு. சில நாட்களுக்குப்பின் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அம்மா ஒருத்தர் பாடுறா. நடுவில பாட்டை நிப்பாட்டி ஆட்டை விரட்டுறா. பிறகு விட்ட அடியிலயே துடங்குறா. பின்னால மழைச் சத்தம் வேற" என்றார். எந்தப் பதிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சிறிதுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கோப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

புதிய வன்தட்டு வாங்கியாயிற்று. நாள்தோறும் இரவு பத்து மணிக்கு மேல் ஆர்சிங்க் தானே ஓடுகிறது. புதிதாக ஒன்றும் சேராத நாளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை அங்கிருந்து ஒரு கோப்பைத் திரும்பப் பெற்றுத் திறந்துபார்க்கிறேன். நண்பர்களும் இம்மாதம் தங்கள் படிகளில் ஒன்றை எடுத்துத் திறந்துபார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். திறந்து வாசிக்கப்படாத படி, படியே அன்று.

பேரனுக்கு அவன் ஆயாவின் பாட்டுகள் முழுவதையும் ஒரு சிறு அட்டையில் ஏற்றிக் கொடுத்தேன். கச்சிராயபாளையம் பேருந்துக்குக் காத்திருந்தபோதே அதைத் தன் கைப்பேசியில் போட்டுவிட்டான். சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் இன்றே அனுப்பிவிடுவதாகச் சொன்னான். எத்தனை பேர் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, "பதினோரு பேருங்க சார்" என்றான்.