ஏரியில் பறவை, வயலில் எரு

அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று என்றால் வீட்டில் குழந்தைகளின் ரகளை தாங்காது. "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றும். சினிமாவும் பீச்சும் அலுத்துப்போனவர்களுக்கு நான் சொல்வது வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் வழியெல்லாம் ஏரியும் வயலும்தான். புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

சரணாலயம் என்றதும் கூண்டையும் கம்பிவலையையும் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் அளவுள்ள சாதாரணப் பாசன ஏரிதான் அது. தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு முங்கி நிற்கின்றன. அந்த மரங்களில் இலை தெரியாதபடி பறவைகள்! நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா என்று ஒரே மரத்தில் நாலைந்து ஜாதி. ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது!

ஊர்ப் பெயரில் வேடன் இருக்கிறான். ஊர்க்காரர்களோ வேட்டையை எதிர்த்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டு விளையாடியபோது, பொறுக்கமாட்டாமல் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். அந்தப் பத்திரம் தொலைந்துபோய், 1858-ல் மறுபடி வாங்கினார்கள். பக்கத்திலுள்ள மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் வில்லேந்தி நின்ற ராமலட்சுமணரைக் கண்டதாகக் கதை சொல்வார்களே, அதே பிளேஸ் துரைதான் இவர். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது. பட்டியலெல்லாம் பின்னால் வந்தது. காவல் அதற்கு 200 வருஷம் முந்தியது.

சும்மாவா காத்தார்கள்? பறவைகளின் எச்சம் ஏரியில் விழுந்து கரைகிறது. மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்து நிறைந்த தண்ணீர். தனியாக உரம் வாங்கிப் போடுவது குறைகிறது. அதனால் ஏரியைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், வயல்பக்கமும் குழந்தைகளை அழைத்துப் போங்கள். மார்கழி, தை மாதங்களில் போனால் நவரை நடவு நடக்கும். வரப்பில் நின்று, "அம்மா, குழந்தைங்க பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மரத்தில் பார்த்த நத்தைகுத்தி இங்கே சேற்றில் நத்தை பொறுக்கிக்கொண்டிருக்கும். அதன் அலகு மூடினாலும் நடுவே பாக்குவெட்டி மாதிரி ஓர் இடைவெளி தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். இதைச் சொன்னதும், பால்பல் விழுந்த என் சின்னவள் தன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பிற்பகல் 3 மணிக்குமேல் கரைக்கு வந்துவிடுங்கள். இரை தேடப் போனவை திரும்பும் நேரம் அது. கூழைக்கடாக் குஞ்சு தாயின் பைக்குள்ளேயே தலையை விட்டுத் துழாவித் தின்னும். 'அம்மாவையே விழுங்கிடுமோ' என்று தோன்றும்! நாரைகளில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. ஒன்று காவல் இருக்க, இன்னொன்று இரைக்குப் போகிறது. (இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பைனாகுலரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.) உச்சி வெயிலில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதையும் பார்க்கலாம்.

அந்தச் சிறகு கொஞ்ச நேரம் விலகினால் போதும், மயிர் முளைக்காத குஞ்சு வெயிலில் வாடிவிடும். காகம் வந்து முட்டையைக் கொத்திவிடும். பறவை பறக்கிற அழகைப் பார்க்கவென்று கை தட்டுகிறவர்களும் விசிலடிக்கிறவர்களும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடியைத் தவிர்க்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து ஓடாத பறவை, ஒருநாள் விருந்தாளிகளான நம்மைக் கண்டு ஓடலாமா? டிரான்சிஸ்டர் போய் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியிலேயே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். குழந்தைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து எத்தனை வகை அலகு என்று வரையச் சொன்னால், ஒரு மணி நேரம் சத்தமே வராது. எங்கள் வீட்டில் பலித்தது.

சில முன்னேற்பாடுகள். குடிதண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வரப்பில் இறங்கியவர்களுக்குக் கால் கழுவலும் உண்டு. ஏரிக்கரையில் பொழுது சாய்ந்தால் கொசு வரும், ஆகவே முழுக்கைச் சட்டை. கைக்குழந்தைக்குக் குல்லாவும் மெல்லிய போர்வையும் மறக்கக்கூடாது. மீந்த சோற்றைப் பறவைக்குப் போடவேண்டாம், அதற்கு அதன் சாப்பாடு இருக்கிறது. பிளாஸ்டிக் பையை அங்கே விடாமல் திருப்பி எடுத்து வாருங்கள்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷங்களில் ஏரி காய்ந்துவிடும், பறவையும் தங்காது. மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். காலையிலேயே போய்ச் சேர்கிறவர்கள் பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரியை முதலில் பார்த்துவிடலாம். அங்கே வாத்துகள் அதிகம், கூட்டம் குறைவு. கட்டுச்சோற்றை அவிழ்க்கவும் அதுவே தோது.