கணவாய் ஏற்றம்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்த நாட்களில்தான் பழைய சைக்கிளைத் தூசு தட்டினேன். வரிசை ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. மகளும் சேர்ந்துகொண்டாள். இப்போது ஞாயிறுகளில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பிலிமத்தலாவையால் கடுகண்ணாவைக்குப் போய், கணவாயில் மாவனல்லைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் இறங்கி, திரும்ப ஏறுவோம்.

இறங்குவது ஒன்றுமில்லை, பிரேக் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஏறுவதுதான் வேலை. கொழும்பிலிருந்து வரும் லொறிகள் முனகிக்கொண்டு எங்களை உரசுவதுபோல் போகும். பாறையைக் குடைந்த பழைய துவாரத்தை எட்டும்போது எனக்கு மூச்சு வாங்கும். "மெதுவா வாங்க வாப்பா" என்றுவிட்டு அவள் முன்னால் போய்விடுவாள். பர்தாவுக்கு மேல் ஹெல்மட். இந்தப் பாதையைப் போட்டு, 1829இல் இறந்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தடியில் எனக்காகக் காத்திருப்பாள்.

பள்ளிவாசலில் ஒருவர் கேட்டார்: "சேர், கொமருப் புள்ளய ரோட்டுல விடுறது சரியா?" அவளுக்கு வயது பதின்மூன்று. டியூஷனுக்கு நெரிசல் பஸ்ஸில் தனியாக அனுப்பும்போது யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் செருப்பைத் தேடினார்.

மகள் இப்போது மாவனல்லை டவுன்வரை இறங்கவேண்டும் என்கிறாள். பின் டயரை மாற்றிவிட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறேன்.