ஜட்டி முதலில், ஜப்பான் அப்புறம்!

திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, காதர்பேட்டை பனியன் மூட்டைகளுக்கு இடையே நெளிந்து, ஒரு மெஷின் கடைக்குப் போனேன். மச்சினன் ஆரம்பித்திருக்கும் குட்டி ஜட்டி யூனிட்டுக்கு, வட்டக் கத்தி சுழன்று துணி வெட்டுகிற மெஷின் வேண்டும். முதலீடு? என் பி.எஃப். பணம்!

மலிவாக ஒன்று, ஜப்பான் சரக்கு ஒன்று, மூன்று மடங்கு விலை. விழித்தேன்.

அங்கிருந்த கட்டிங் மாஸ்டர், ''எத்தனை அடுக்குங்க வெட்டுவீங்க?'' என்றார்.

''பத்து.''

''அப்ப சின்னதே போதுமுங்க. நாள் பூரா ஓட்டுனா மோட்டார் சூடேறும். அப்பத்தான் ஒசத்தி வேணும். அடுக்கு ஏறுனா எந்த வட்டக் கத்தியும் வளைவுல ஏமாத்திரும். மேல்துணி ஒரு அளவு, அடித்துணி ஒரு அளவு! அதுக்கு நேர்க்கத்தி மெஷின்தானுங்க.''

மலிவையே வாங்கினேன். மிச்சத்தில் பிளேடுகள். மழுங்கின கத்தி துணியைக் கடித்துக் குதறுமாமே!

''ஜப்பான் வாங்கலியா மச்சான்?''

''முதல்ல ஜட்டி விக்கட்டும்ப்பா!''