97 மார்க் வாங்கிய மோட்டார்!

முதல்லயே சொல்லிடுறேன் ஃப்ரெண்ட்ஸ்... நான் போனது கோட்டையும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிற வேலூருக்கு இல்லை. நாமக்கல்லில் கரூர் பஸ் ஏறி, பரமத்தியைத் தாண்டி, காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கணும். அந்த வேலூர்! பரமத்தி வேற ஊர், வேலூர் வேற ஊர். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும் என்பதால் பரமத்தி வேலூர்.

அது எங்க அம்மாயி ஊர். சின்ன வயசுல லீவுக்கு வந்தால் ஜேடர்பாளையம் படுகை அணையும் ராஜா வாய்க்கால் குளியலும்தான் வேலை. இந்த முறை பையில் புத்தகம் இருந்தது. ஏரோநாட்டிகல் மூணாம் வருஷம். விமானப் பராமரிப்பு பேப்பரில் ஒரு அரியர். (வீட்டில் தெரியும், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.)

என்னைக் கவிழ்த்தது ரெண்டு சுருக்கெழுத்துகள். எம்.டி.பி.எஃப்., அதாவது ஒரு ரிப்பேருக்கும் அடுத்த ரிப்பேருக்கும் நடுவில் சராசரியாக எவ்வளவு நேரம் ஒழுங்காக ஓடுது. எம்.டி.டி.ஆர்., கெட்டுப்போனால் சரிசெய்யச் சராசரியாக எவ்வளவு நேரம். முதலாவதை ரெண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த மிஷின் நூற்றுக்கு எத்தனை பங்கு நேரம் நமக்குக் கைகொடுக்கும் என்று தெரியும். இவ்வளவுதான். ஆனால் பரீட்சை ஹாலில் இவ்வளவும் மறந்துபோச்சு.

சரி, கொடிக்காலுக்குப் போகலாம் வாங்க. செருப்பை வரப்பிலேயே விட்டுடுங்க, உள்ளே போட்டுக்கிட்டு வந்தால் அப்பிச்சி சும்மா விடமாட்டார். உள்ளே நுழைந்ததும் வெளியே அடிக்கிற வெயில் பாதியாகிடும். வரிசையாக அகத்தி, அதில் ஏறிப் படர்ந்த வெற்றிலைக் கொடி, காலடியில் ஈர மண். கொடிக்கு வேர் ஆழமாகப் போகாது. ஈரம் எப்பவும் இருக்கணும், தண்ணி தேங்கவும் கூடாது. வாழை கொஞ்ச நாள் பொறுத்துக்கும், வெற்றிலை பொறுக்காது.

தோட்டத்து மூலையில் மோட்டார் ரூம். அதன் உள்சுவரில்தான் எனக்கு விடை இருந்தது! அப்பிச்சி கரிக்கட்டையால் தேதி எழுதி வைத்திருக்கிறார். ‘காயில் போச்சு’ என்று ஒரு தேதி, பக்கத்தில் ‘வந்துச்சு’ என்று ஒரு தேதி. நாலு வருஷத்துக் கணக்கு, ஒரு நாள் விடாமல்.

“இது எதுக்குங்க அப்பிச்சி?”

“காயில் கட்டுறவன் போன மாசந்தான் கட்டிக் குடுத்தேன்னு சொல்லுவான் கண்ணு. நாம எழுதி வெச்சாத்தானே பேச முடியும்!”

விமான நிறுவனங்கள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற அதே பதிவேடு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு வருஷத்தில் ஆறு தடவை. மோட்டார் இல்லாமல் கிடந்தது மொத்தம் 42 நாள், அதாவது தடவைக்கு 7 நாள். மீதி 1,418 நாளை ஆறால் வகுத்தால் 236 நாளுக்கு ஒரு ரிப்பேர். கைகொடுத்த நேரம் நூற்றுக்கு 97!

பெருமையாக மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை.

“97-ஆ? அந்த சித்திரையில பாதிக் கொடிக்கால் காஞ்சுபோச்சே அம்மிணி, அதுக்கு எத்தன மார்க்கு?”

திரும்பவும் சுவரைப் பார்த்தேன். ஆறு தடவையும் 7 நாள் கிடையாது. 3, 4, 5, 6, 10... அப்புறம் ஒரு 14. அந்தப் பதினாலு, சித்திரை வெயிலில் வந்த பதினாலு. வாய்க்காலிலும் அப்போ தண்ணி இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கின தண்ணி பாதிக்குத்தான் போதுமாக இருந்திருக்கு. சராசரி எடுத்ததும் அந்தப் பதினாலு ஏழுக்குள்ளே ஒளிஞ்சுக்கிச்சு. புத்தகத்தில் இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லலை.

காயில் கட்டுற கடைக்கும் போனேன். வாசல் முழுக்க சப்மர்சிபிள் மோட்டார்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் பெயர். கருகின காயிலைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றி, டெஸ்ட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். “வேலை ஒன்றரை நாள்தாங்க. மீதியெல்லாம் வரிசைங்க” என்றார் கடைக்காரர். மோட்டாரை மேலே ஏத்த ஆள் கிடைக்கணும், கடையில் முறை வரணும், கம்பி ஸ்டாக் இருக்கணும், திரும்ப இறக்க அதே ஆள் வரணும். கோடையில் வோல்டேஜ் குறையுறப்போ ஊரிலிருக்கிற மோட்டாரெல்லாம் ஒரே வாரத்தில் கருகும். அப்போ வரிசையின் நீளத்தைச் சொல்லவே வேண்டாம்.

இதுக்கும் எங்க பாடத்தில் இடம் இருக்கு. கையில் ஸ்பானர் பிடிச்ச நேரத்தை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு. பாகத்துக்கும் ஆளுக்கும் காத்துக்கிடந்த நேரத்தையும் சேர்த்தால் வேறொரு கணக்கு. விற்கிறவங்க முதல் கணக்கைத்தான் காட்டுவாங்க, ஓட்டுறவங்களுக்கு ரெண்டாவதுதான் வலிக்கும் என்பது என் கட்சி.

நம்பலைன்னா 2023-ஐப் பாருங்க. ஏ320 நியோ விமானங்களில் போடுற பிராட் அண்ட் விட்னி இன்ஜினில், உலோகத் தூளிலிருந்து செய்த சில வட்டுகளில் குறை இருப்பது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்கணும். எல்லாம் ஒரே சமயத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில்! ஒரு இன்ஜின் இறக்கையிலிருந்து இறங்கித் திரும்ப ஏற 250 முதல் 300 நாள் ஆகலாம் என்று அந்த செப்டம்பரில் கம்பெனியே அறிவித்தது. அதுக்கு முன்னாடியே, மே மாதத்தில், கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. இன்ஜின் கிடைக்காமல் பாதி விமானங்கள் தரையில் நிற்கின்றன என்பதுதான் அது சொன்ன காரணம். இன்ஜின் கம்பெனி அதை மறுத்தது. அந்த நிறுவனம் திரும்பப் பறக்கவே இல்லை. கோர்ட் 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லிவிட்டது. எனக்கென்னமோ சாக்பீஸ் பெயரோட நின்ற மோட்டார்கள்தான் ஞாபகம் வந்தது.

விமானத்தில் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. பல பாகங்களை விமானத்தில் வைத்தே ரிப்பேர் பண்ணுறதில்லை. கெட்ட பெட்டியைக் கழற்றி, ஸ்பேர் பெட்டியை மாட்டி அனுப்பிவிடுவார்கள். கெட்டது ஒர்க்‌ஷாப்பில் நிதானமாகச் சரியாகட்டும், விமானம் காத்திருக்காது. ஆனால் ஸ்பேர் வாங்கி வைக்கக் காசு வேணும். விஷயமே அங்கேதான் இடிக்குது.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில் அதைத்தான் பேசினோம். அப்பிச்சிக்குக் கொடிக்காலையே எடுத்துட்டுத் தென்னை வெச்சிடலாம்னு யோசனை. தென்னைக்கு இவ்வளவு அவசரம் கிடையாது. மாமாவுக்கு மனசில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்பேர் மோட்டார் கட்டாது, பக்கத்துத் தோட்டக்காரங்க ரெண்டு பேரோட சேர்ந்து மூணு தோட்டத்துக்கு ஒண்ணு வாங்கினால்? மூணு கிணறும் கிட்டத்தட்ட ஒரே ஆழம், ஒரே எச்.பி. மோட்டார். 14 நாள் ஒரு நாளாகும். ஏத்தி இறக்கினால் போதும்.

“மூணும் ஒரே வாரத்துல கருகினா?” என்று கேட்டார் அப்பிச்சி.

பாருங்க... அரியர் பேப்பரில் 16 மார்க் கேள்வியே அதுதான்! கோடையில் அப்படித்தான் கருகும் என்று அவர் சுவரே சொல்லுது. முதல் மோட்டாருக்கு ஸ்பேர், மத்த ரெண்டும் வரிசையில். அப்பவும் மூணுக்கு ஒரு தோட்டம் தப்பிக்கும் என்றேன். யாருடையது என்று அவர் கேட்டதுக்கு நான் வாயைத் திறக்கலை.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தர் சம்மதிச்சாச்சு. இன்னொருத்தர், ஆடிப்பதினெட்டு முடியட்டும், சொல்றேன்னு சொல்லியிருக்கார். நான் பஸ் ஏறுறப்போ மாமா ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். ஹாஸ்டலில் வெற்றிலை போடுற ஆள் யாரும் இல்லை. வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்தேன், “ப.வேலூரா?”ன்னு மோந்து பார்த்தே கண்டுபிடிச்சுட்டார்.